பலராமன் மிச்சம் வைத்த ஒரு வாய்

பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற நேரத்தில் வானத்தில் எது போனாலும் அது ஊட்டுகிறவளுக்குச் சொந்தம் என்பது சிவகாசியில் தனுஷ்கோடி அண்ணாச்சி காம்பவுண்டில் குடியிருந்த எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். காக்கா போனால் காக்கா, கொக்கு போனால் கொக்கு, பட்டாசு ஆலையில் சோதனைக்கு விடுகிற ராக்கெட் போனால் அந்த ராக்கெட். ஒன்றுமே போகாத நாளில் எதிர் மாடியில் குளித்துவிட்டுத் துவட்டிக்கொண்டு நிற்கும் அண்ணாச்சியின் வழுக்கைத் தலையைக் காட்டி, "அந்தா பாரு நிலா, பகல்லயே வந்துருச்சு" என்று ஒரு வாய் ஊட்டிவிடுவார்கள். அண்ணாச்சியும் கோபித்துக்கொள்ள மாட்டார், பிள்ளை முழுங்குகிறவரைக்கும் தலையை அசைக்காமல் நின்று கொடுப்பார்.

அந்தக் காம்பவுண்டின் கடைசி வீட்டில் இருந்தவள் பொன்மாரி. கூச்ச சுபாவம். அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே பாதிதான் கேட்கும், குழாயடியில் "இது என் குடம்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர்கள் குடம் நிறைந்து வழிந்துவிடும், காக்காயைக்கூட அவள் "வாங்க, வந்து உக்காருங்க" என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவாள், காக்கா அந்த மரியாதைக்குப் பழக்கமில்லாமல் பறந்துபோய்விடும். அவள் மகனுக்குப் பலசாலியாக வரட்டும் என்று பலராமன் என்று பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் அவனிடம் எடை உள்ளது அந்தப் பெயர் ஒன்றுதான். அங்கன்வாடித் தராசில் அவனை ஏற்றினால் முள் சோம்பல் முறித்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்ளும். காலையில் கன்னத்தில் அதக்கிய இட்லியை மத்தியானம் சோறு வந்து இடம் கேட்கும்போதுதான் துப்புவான். "தாய் சரியா ஊட்டினா பிள்ளை ஏன் திங்காது?" என்று போகிறவர்களும் வருகிறவர்களும் சொல்லிவிட்டுப் போவார்கள். பதிலுக்குப் பொன்மாரி ஏதோ சொல்லுவாள், என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்காது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பருப்புச்சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் மொட்டை மாடிக்குப் போனாள். கிழக்கே இருந்து ஒரு சின்ன பிளேன் வந்தது. பெரிய பிளேன் மாதிரி புள்ளியாகப் போய்விடாமல், தாழ்வாக, வெள்ளை உடம்பில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு, முன்னால் ஒற்றைக் காற்றாடி சுற்ற, ஷேர் ஆட்டோவுக்கு ரெக்கை வைத்த மாதிரி வந்தது. பலராமன் வாயைப் பிளந்தான். பொன்மாரி இதுதான் சமயம் என்று ஒரு உருண்டையை உள்ளே தள்ள, அவன் அதைக் கன்னத்துக்கு அனுப்ப மறந்து முழுங்கியே விட்டான். பெற்ற நாளிலிருந்து அவள் கேட்டிராத 'கொடக்' சத்தம் அவன் தொண்டையில் கேட்டது. அதற்குள் பிளேன் தண்ணித் தொட்டியைத் தாண்டப் பார்த்தது. இவள் கிண்ணத்தைப் பார்த்தாள், நிறையச் சோறு கிடந்தது. பிளேனைப் பார்த்தாள். யாரோ பெரியவர்களிடம் கேட்கிற மாதிரி, தனக்கே கேட்காத குரலில் சொன்னாள்:

"கொஞ்சம் இருங்க. இவன் சாப்பிட்டுரட்டும்."

பிளேன் நின்றது.

தண்ணித் தொட்டிக்கு நேர் மேலே, முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், விழாமலும் நகராமலும், கொடியில் கிளிப் போட்டு மாட்டிய சட்டை மாதிரி நின்றது. காற்றாடி மட்டும் வீட்டு ஃபேன் ரெண்டாம் நம்பரில் ஓடுகிற மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பொன்மாரிக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. பிள்ளை வாயைத் திறந்திருக்கும்போது எந்தத் தாய்க்கும் ஆச்சரியப்பட நேரமிருக்காது. அவள் ஊட்ட ஊட்ட அவன் 'கொடக் கொடக்' என்று முழுங்கினான், கிண்ணத்தின் அடி தெரிந்தது, கடைசி உருண்டையை எடுத்து நீட்டினாள். அப்போதுதான் பலராமனுக்கு ஞாபகம் வந்தது. கிண்ணம் காலியானால் வேடிக்கை முடிந்துபோகும். கடைசி வாய் முழுங்கின மறு நிமிஷம் காக்காயை விரட்டிவிடுவார்கள், அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவன் வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

"இந்த ஒண்ணு மட்டும்டா ராசா."

"ம்ஹும்."

"முழுங்கிரு சாமி."

"பிளேனு போயிரும்" என்றான் பலராமன், உதட்டைத் திறக்காமலே.

பிளேனும் போகவில்லை. சாப்பிட்டுரட்டும் என்று சொன்னதற்கு வாக்குக் கொடுத்த மாதிரி, அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அது நின்றுகொண்டே இருந்தது.

சாயங்காலத்துக்குள் காம்பவுண்டு முழுக்க மாடியில் இருந்தது. முதல் வீட்டு கிரகலட்சுமி மதினி வந்தாள். அவள் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வரும் என்பார்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு, "தொட்டிக்கு நேரா நிக்கிது, எண்ணெய் கிண்ணெய் ஒழுகினா தண்ணி என்னத்துக்கு ஆகும்?" என்று முதல் கேள்வியைக் கேட்டாள். ராக்கெட் போடுகிற ஆலையில் வெகுகாலம் போர்மேனாக இருந்த தனுஷ்கோடி அண்ணாச்சி எல்லாரையும் கையைக் காட்டித் தள்ளி நிறுத்தினார்.

"திரி பத்தவச்சுப் போகாம நின்ன வெடிகிட்ட ஒருத்தனும் போகக் கூடாது. தண்ணி ஊத்தணும். அதான் முறை."

"அண்ணாச்சி, இது வெடி இல்ல, ஏரோப்பிளேனு" என்றான் பொன்மாரியின் புருஷன் ஜெயமுருகன். அவன் காலண்டர் அச்சடிக்கிற ஆபீசில் மிஷின் ஓட்டுகிறவன்.

"மேல போக வேண்டியது பாதியில நின்னா எல்லாம் ஒண்ணுதான்டா" என்று சொல்லி அண்ணாச்சி தொட்டிமேல் ஏறி ஒரு வாளித் தண்ணியைப் பிளேனின் மூக்கில் வீசி ஊற்றினார். பிளேனின் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி திறந்தது. நரைமுடி கலந்த கொண்டை போட்ட ஒரு பொம்பளை முகத்தைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க, உள்ள ஒரே வெக்கையா இருந்துச்சு" என்றாள். பிறகு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்று கேட்டாள்.

பாதியில் நின்ற பிளேனிலிருந்து ஒருத்தி இப்படி விசாரித்ததும் காம்பவுண்டுக்கு அவளைப் பற்றி இருந்த சந்தேகம் எல்லாம் போய்விட்டது. மலேசியாவில் ஈப்போ அவள் ஊர், பெயர் தேவகுஞ்சரி. இத்துனூண்டு பிளேனில் ஒற்றை ஆளாக உலகத்தைச் சுற்றி வருகிறாள், இதுவரை யாரும் இவ்வளவு சின்னதில் இவ்வளவு சீக்கிரம் சுற்றினதில்லை. பச்சப் பிள்ளைகளுக்கு வருகிற சர்க்கரை நோய்க்கு மருந்து தேடி ஆராய்ச்சி செய்கிறார்களாம், அந்த ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்கள், மாசக் கடைசிக்குள் இவள் சுற்றி முடித்து ரெக்கார்டு வந்தால்தான் தருவோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். தரையில் கால் வைத்தால் வேறு கணக்காகிவிடும் என்பதால் இறங்கவும் முடியாது.

"அப்போ அது?" என்று கிரகலட்சுமி மதினி தன் வாழ்நாளில் முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அதுக்கு உள்ளேயே ஏற்பாடு இருக்கு" என்றாள் தேவகுஞ்சரி.

பொம்பளைகள் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஆம்பளைகளுக்கு எது என்றே புரியவில்லை.

பொன்மாரி அன்றைக்கே சொல்லத்தான் செய்தாள். "நான்தான் இருக்கச் சொன்னேன்" என்று அண்ணாச்சி தண்ணி ஊற்றும்போது சொன்னாள், வாளிச் சத்தத்தில் கேட்கவில்லை. கிரகலட்சுமி மதினியிடம் சொன்னாள், மதினி பேசிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் புருஷனிடம் சொன்னாள், அவன், "என்னது, ரசமா? ஊத்து" என்றான்.

மறுநாளிலிருந்து ஊருக்குப் பிளேன் பழகிவிட்டது. கரண்டு போகிற நேரத்தில் அதன் காற்றாடிக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுக்க இடம் பிடித்தார்கள். வடகம் காயப்போட்டார்கள், நிழலும் காற்றும் சேர்ந்து வந்ததால் அது பதமாகக் காய்ந்தது. ரெக்கையில் கொடிக்கயிறு கட்டலாமா என்று கேட்டதற்குத் தேவகுஞ்சரி, வலது ரெக்கை வேண்டாம், இடது ரெக்கையில் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டுத் தொரட்டியில் மாட்டி நீட்டினார்கள், யார் வீட்டு வெஞ்சனம் முதலில் போவது என்று சண்டை வந்தது, சுண்டவத்தல் குழம்பு கொடுத்த வீட்டுக்காரி வாளி காலியாகத் திரும்பி வந்ததை ஒருவாரம் காட்டிக்கொண்டு திரிந்தாள். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, மாடி அண்ணாச்சிக்குச் சொந்தம் என்றால் மாடிக்கு மேலே உள்ள ஆகாசம் யாருக்குச் சொந்தம் என்று விசாரித்து, மோர் குடித்து, வடகம் வாங்கிக்கொண்டு போனார். ஜெயமுருகன் வேலை பார்த்த ஆபீசில் அடுத்த வருஷக் காலண்டருக்குச் சாமி படத்தை எடுத்துவிட்டுத் தொட்டிமேல் நிற்கும் பிளேனைப் போட்டார்கள். தேதி கிழிக்கக் கிழிக்க அது மட்டும் அப்படியே நிற்கும் என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

இதெல்லாத்தையும்விடப் பெரிய சங்கதி, பிள்ளைகள் சாப்பிட்டதுதான். பலராமன் மூன்று வேளையும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டான், கடைசி ஒரு வாயை மட்டும் ஒவ்வொரு வேளையும் மிச்சம் வைத்தான். கிரகலட்சுமி மதினியின் பேத்தி, முட்டையைக் கண்டாலே ஓடுகிறவள், அண்ணாந்து பார்த்துக்கொண்டே இரண்டு முட்டை தின்றாள். சேதி பரவி சாத்தூரிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் சாப்பிடாத பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பொம்பளைகள் பஸ் ஏறி வந்தார்கள். மாடிப்படியில் வரிசை நின்றது, அண்ணாச்சி டோக்கன் கொடுத்தார். பகல் முழுக்க அந்த மாடியில் "ஆ காட்டு, ஆ காட்டு" என்று கூட்டுப் பிரார்த்தனை மாதிரி சத்தம் கேட்டது. அங்கன்வாடித் தராசில் பலராமன் ஏறினபோது முள் எழுந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்துப் பொன்மாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆனால் கடைசி வாய் உருண்டையைக் கிண்ணத்தில் பார்க்கும்போதெல்லாம் அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே கண்ணாடிக்குள் தேவகுஞ்சரி வெற்றிலை போடாத வாயை மென்றுகொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், மேற்கே பார்ப்பதும், பிறகு யாரோ கூப்பிட்டால் சிரிப்பதுமாக இருந்தாள்.

ஒரு காலைநேரம், டோக்கன் ஆரம்பிப்பதற்கு முன்னால், பொன்மாரி பலராமனைத் தூக்கிக்கொண்டு தொட்டிமேல் ஏறி நின்றாள்.

"அக்கா" என்றாள். "நான்தான் உங்கள இருக்கச் சொன்னேன்."

"தெரியும் தங்கச்சி. கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"இஞ்சின் சத்தத்துல எனக்கு என் பேச்சே கேக்காது. ஆனா யாரோ காதுக்குப் பக்கத்துல வந்து, 'கொஞ்சம் இருங்க, இவன் சாப்பிட்டுரட்டும்'னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அப்படிக் கேட்டா எப்படிப் போறது?"

"ஏன்க்கா எங்கமேல கோவிக்கல?"

தேவகுஞ்சரி கொஞ்சநேரம் கண்ணாடி ஓரத்தைத் துடைத்தாள். "எனக்கும் ஒரு மக இருக்கா. சின்ன வயசுலயே சர்க்கரை. அவ சாப்பிட உக்காரும் முன்னாடி, தட்டுல இருக்கிற சோத்துக்குத் தக்கபடி ஊசி போடணும். போட்டாச்சுன்னா தட்டுல உள்ளத முடிச்சே ஆகணும். பாதியில எழுந்துட்டா மயக்கம் வந்துரும், சிலநேரம் கண்ணே சொருகிரும். அவ கடைசி வாய் சாப்பிட மாட்டேன்னு அழுவா, நான் எதிர்ல உக்காந்து காத்திருப்பேன். அழக் கூடாது, அடிக்கக் கூடாது, சிரிச்சுக்கிட்டே காத்திருக்கணும். கடைசி வாய்க்காகக் காத்திருக்கிறதுல எனக்கு நல்ல பழக்கம் தங்கச்சி. அதனால கோவம் வரல. ஆனா இன்னைக்குக் கிளம்பினாத்தான் மாசக் கடைசிக்குள்ள முடியும். நாளைக்குன்னா முடியாது."

இவன் விளையாட்டாக மிச்சம் வைக்கிற ஒரு வாய், வேறொரு வீட்டில் ஒரு பிள்ளையின் உயிர் என்று பொன்மாரிக்குப் பட்டது. இவன் சாப்பிடுகிறான் என்று சந்தோஷப்பட்டது உண்மைதான், அந்தச் சந்தோஷத்துக்காக அந்தப் பிள்ளைகளின் மருந்தை நிறுத்தி வைக்க முடியாது.

"இன்னொண்ணு" என்றாள் தேவகுஞ்சரி, கொஞ்சம் சலிப்பாக. "ராத்திரி எங்க ரெக்கார்டுக் கணக்குப் பாக்கிறவங்க ரேடியோவுல பேசினாங்க. நடுவுல நின்னுட்டதால பழைய சுத்து செல்லாதாம். எங்க நின்னேனோ அங்கேருந்து புதுசா ஆரம்பிச்சு, அங்கேயே வந்து முடிக்கணுமாம். உங்க தண்ணித் தொட்டிதான் இப்போ கோடு."

விஷயம் கிரகலட்சுமி மதினிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பொன்மாரி அடுப்பில் பருப்பை ஏற்றும்போது காம்பவுண்டுக் கூட்டம் கூடியது.

"பிளேனு போயிட்டா எம்பேத்திக்கு யாரு முட்டை ஊட்டுறது? நீ ஊட்டுவியா?" என்றாள் மதினி.

"காலண்டரு அடிச்சாச்சு பொன்மாரி. தொட்டிமேல பிளேனே இல்லாதப்போ பிளேன் காலண்டரை எவன் வாங்குவான்?" என்றான் ஜெயமுருகன்.

"நின்ன வெடிய நோண்டக் கூடாது" என்றார் அண்ணாச்சி. அவருக்கு டோக்கன் கொடுக்கிற வேலை பிடித்துப் போயிருந்தது.

இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து தாங்களே பிசைந்து சாப்பிடுகிற வயசு வரும்வரைக்கும் பிளேன் நிற்கட்டும் என்று கைதூக்கி முடிவு செய்தார்கள். பொன்மாரி ஏதோ சொன்னாள், யாருக்கும் கேட்கவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் பொன்மாரியின் முகத்தைப் பார்த்து மதினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மதினி பலராமனைத் தூக்கிக்கொண்டு போய், வயிறு நிறைந்திருந்தால் கடைசி வாய் எங்கே இறங்கும் என்று அவனுக்குச் சேவும் சீனிமிட்டாயும் அதிரசமும் மடிநிறையக் கொடுத்தாள். இதற்கு முன்னால் பலராமனை யாரும் இப்படித் தின்னக் கொடுத்துச் சாப்பிடவிடாமல் தடுத்ததில்லை.

பொன்மாரி சோற்றைப் பிசைந்துகொண்டு மாடிக்கு வந்தாள். மாடி நிறையப் பொம்பளைகள், இடுப்பில் பிள்ளைகள், எல்லாரும் அவளையே பார்த்தார்கள். வழக்கமாக அவ்வளவு பேர் பார்த்தால் அவள் திரும்பிப் போய்விடுவாள், அன்றைக்குப் போகவில்லை, பலராமனை மடியில் உட்காரவைத்து முதல் வாயை நீட்டினாள். அவன் சாப்பிட்டான். சேவுக்கும் அதிரசத்துக்கும் மேலே சோறும் போனது, அந்தச் சின்ன வயிற்றில் அவ்வளவு நாள் காலியாகக் கிடந்த இடமெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. கிண்ணத்தின் அடி தெரிந்தது. கடைசி உருண்டை. அவன் வாயை மூடினான். மதினி சிரித்தாள்.

பொன்மாரி உருண்டையை நீட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து நன்றாக உருட்டினாள், கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று உருட்டினாள். அஞ்சாம் வகுப்பில் டீச்சர் மேசைமேல் ஒரு உலக உருண்டை வைத்திருந்தார்கள், ஒவ்வொருத்தராக வந்து தொட்டுச் சுற்றிப் பார்க்கலாம் என்றார்கள், இவள் முறை வருவதற்குள் வீட்டில் இவளைத் தீப்பெட்டி ஒட்ட அனுப்பிவிட்டார்கள். அந்த உருண்டை இப்போது கையில் இருந்தது. பருப்பில் தாளித்த ஒரு கடுகை எடுத்து அதன்மேல் ஒட்டினாள்.

"இதான் உலகம். இந்தக் கடுகுதான் நம்ம பிளேனு. இந்தா, இதான் நம்ம தொட்டி."

பலராமன் எட்டிப் பார்த்தான்.

"என்னடி சொல்ற, சத்தமாச் சொல்லு" என்றாள் மதினி.

பொன்மாரி அதே குரலில்தான் சொன்னாள், அவளுக்கு வேறு குரல் இல்லை. கேட்க வேண்டுமென்றால் மற்றவர்கள்தான் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினார்கள். கையிலிருந்த பிள்ளைகளின் வாயையும் பொத்தினார்கள்.

"இந்தா, இப்பிடி மேக்க போவாக. மலை வருதா? அதத் தாண்டிக் கடலு. கடலத் தாண்டி ஒட்டகம் திரியிற ஊரு. அதுக்கு அங்கிட்டுக் குளுருற ஊரு, அங்க எல்லாரும் கம்பளியப் போத்திக்கிட்டுத்தான் சோறு ஊட்டுவாக. இந்தா இப்போ கடுகு அடிப்பக்கம் போயிருச்சு, தெரியலயா? தெரியலன்னா காணாமப் போயிருச்சின்னு அர்த்தமில்ல, அடியில போய்க்கிட்டிருக்கு." அவள் உருண்டையை மெல்லத் திருப்பினாள். மாடி முழுக்கத் தலைகள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. "திரும்பப் பெரிய கடலு. அப்புறம் அக்கா ஊரு ஈப்போ. மகளைப் பாத்து, 'சாப்பிட்டியா'ன்னு மேலருந்தே ஒரு வார்த்தை கேட்டுட்டு, இந்தா, கிழக்க இருந்து, வருது வருது வருது..." கடுகு புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றது. "நம்ம தொட்டி. இங்க வந்து முடிச்சாத்தான் கணக்காம். அவுக நெனச்சாலும் வராம இருக்க முடியாது."

"வருமா?" என்றான் பலராமன். கேட்டது அவன் என்றாலும், மாடியே அதைத்தான் கேட்டது.

"வருவேன் தம்பி" என்றாள் தேவகுஞ்சரி மேலிருந்து.

பலராமன் உருண்டையைப் பார்த்தான், பிளேனைப் பார்த்தான், வாயைத் திறந்தான். கிரகலட்சுமி மதினி கையை நீட்டித் தடுக்கப் பார்த்தாள், ஆனால் திறந்த பிள்ளை வாய்க்குக் குறுக்கே கை வைக்க எந்தத் தாய்க்கும் வராது, அந்தக் கை தன்னாலே இறங்கி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தது. 'கொடக்.'

காற்றாடி ஒரு உறுமு உறுமியது, பாய்கள் பறந்தன, காய்ந்த வடகம் காம்பவுண்டு முழுக்க மழையாகப் பெய்தது, இடது ரெக்கையிலிருந்து அவிழ்க்க மறந்துபோன கொடிக்கயிற்றோடும் மதினியின் பச்சைச் சேலையோடும் பிளேன் மேற்கே போனது. "என் சேலை!" என்று மதினி கத்தினது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அதற்கு மேலும் போனது.

எல்லாம் அடங்கினபிறகு பலராமன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு ஓவென்று அழுதான்.

"என்னடா?"

"உலகத்த நான் தின்னுட்டேன்! பிளேனையும் தின்னுட்டேன்! அது எங்க சுத்தும்?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார், "நியாயந்தான்" என்றார். பொன்மாரி மகனின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். சேவும் சீனிமிட்டாயும் அதிரசமும் பருப்புச்சோறும் சேர்ந்து உள்ளே கடமுடவென்று உருண்டுகொண்டிருந்தன.

"இங்கதான் சுத்துது. கேளுங்க" என்றாள். ஒவ்வொருத்தராக வந்து காதை வைத்துக் கேட்டார்கள். இஞ்சின் சத்தமேதான் என்றார் அண்ணாச்சி, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அதிலிருந்து பலராமன் கிண்ணத்தில் பருக்கை மிச்சம் வைக்கவில்லை. சோறு இல்லாவிட்டால் பிளேன் எதன்மேல் பறக்கும்? காலையில் இட்லி தின்றால் மலை, மத்தியானம் சாம்பார் சோறு தின்றால் கடல். மற்றப் பிள்ளைகளும் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு, தங்கள் வயிற்றுக்குள்ளும் பிளேன் வேண்டும் என்று கடைசி உருண்டையில் கடுகு ஒட்டிக் கேட்டார்கள். காம்பவுண்டில் தாளிக்கிற கடுகு கூடுதலாகச் செலவானது.

மாசக் கடைசி நாள் வந்தது. காலையிலிருந்தே மாடியில் நிற்க இடமில்லை. கிழக்கே ஒன்றும் இல்லை. மத்தியானமானது, வெயில் ஏறியது, கிழக்கே ஒரு காக்காகூட இல்லை. மதினி, "என் சேலையோட கடல்ல விழுந்துருச்சோ என்னமோ" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் நேரமாகிவிட்டது, பிள்ளைக்குப் பசிக்கும். பொன்மாரி கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து ஊட்டினாள், கடைசி உருண்டையை உருட்டினாள், கடுகை ஒட்டினாள், அவன் முழுங்கினான்.

முழுங்கிவிட்டு, ஏப்பம் விட்டான். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு ஏப்பம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, கைப்பிடிச் சுவரில் இருந்த கிண்ணம் அதிர்ந்து கீழே விழுந்தது. ஏப்பம் ஓய்வதற்குள் கிழக்கே இஞ்சின் சத்தம் கேட்டது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கோடு, இடது ரெக்கையில் உலகம் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் பச்சைச் சேலை.

"அந்தா! அந்தா!"

"பொன்மாரி, நிப்பாட்டச் சொல்லு! நீ சொன்னாத்தான் கேக்கும்!" என்று ஜெயமுருகன் கத்தினான். "சொல்லு தாயி! போயிரப் போகுது!" என்றார் அண்ணாச்சி. எல்லாரும் அவளிடம் கெஞ்சினார்கள். பொன்மாரி பலராமனைப் போலவே வாயை இறுக்க மூடிக்கொண்டாள், முந்தானையை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள், தொட்டியைத் தாண்டுவதற்குள் வாய்தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டால் எல்லாம் போச்சு. பிளேனின் மூக்கு தொட்டிக்கு மேலே வந்தது, ரெக்கை வந்தது, சேலை வந்தது, வால் வந்தது, வாலும் தாண்டியது. உள்ளே ரேடியோவில் யாரோ கைதட்டினது கீழே வரைக்கும் கேட்டது.

அப்போதுதான் அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அதைப் பார்த்ததும் காம்பவுண்டு கப்பென்று அடங்கியது. கிரகலட்சுமி மதினி பேத்தியின் வாயைப் பொத்தினாள், தன் வாயையும் பொத்தினாள். பஸ் ஸ்டாண்டில் ஹாரன் அடிக்கிறவர்கள்கூட அடிக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

பொன்மாரி தன் பழைய சின்னக் குரலில் சொன்னாள். சிவகாசி முழுக்கக் கேட்டது.

"அக்கா, இறங்கி வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

பிளேன் நின்றது. அண்ணாச்சி ஏணி எடுக்கப் போனார். பொன்மாரி அரிசி களைய இறங்கினாள்.